பாடினால் மட்டும் திறந்த கண்கள்

என் கண்ணு என் பேச்சைக் கேக்காம போன காலம் ஒண்ணு இருந்துச்சு. அதைச் சாட்சியா சொல்லத்தான் உங்க முன்னாடி நிக்கிறேன். என்னைத் தூக்கி நிறுத்தின ஆண்டவருக்கு முதல்ல என் ஸ்தோத்திரம்.

என் பேரு எஸ்தர். திண்டிவனத்துக்குப் பக்கத்துல, ஓமந்தூர் தாண்டி எங்க ஊரு. எங்க வீட்டுக்காரரு தேவராஜ், திண்டிவனம் மார்க்கெட்ல மூட்டை தூக்குறாரு. நான் வீட்டுலயே ஜாக்கெட் தைப்பேன். எங்களுக்கு ஒரே பொண்ணு ஷீலா. அவளை விக்கிரவாண்டியில கட்டிக் குடுத்திருக்கோம்.

கொரோனா ஓய்ஞ்ச அடுத்த வருஷம், நல்ல கோடையில இது ஆரம்பிச்சுது. முதல்ல இமை சும்மா படபடன்னு அடிச்சுக்கினு இருந்துச்சு. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன். மழைக் காலம் வர்றதுக்குள்ள முத்திப்போச்சு. வெயில்ல போனா, பஸ்ல காத்து மூஞ்சில அடிச்சா, மெஷின் முன்னாடி வெள்ளைத் துணியைப் பாத்தா, ரெண்டு கண்ணும் இறுக்கி மூடிக்கும். நான் மூடல. அதுவா மூடிக்கும். விரலால இமையைப் பிரிச்சு விட்டாத்தான் திறக்கும். விரலை எடுத்தா மறுபடியும் மூடிக்கும்.

பார்வை நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் கொடுமை. இமையைப் பிரிச்சா ஊசிக் காதுகூடத் தெரியும். பிரிக்கலன்னா நான் குருடி.

ஒரு தடவை மெஷின் ஓடிக்கினு இருக்கும்போதே கண்ணு மூடிக்கிச்சு. ஊசி விரல்ல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் மெஷினை ஓரமா தள்ளி வெச்சு, மேல ஒரு பழைய பொடவையைப் போட்டு மூடிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாம இல்ல. ஒருத்தரு கண்ணு காஞ்சிருக்குன்னு சொட்டு மருந்து குடுத்தாரு. இன்னொருத்தரு கண்ணாடி போடச் சொன்னாரு. வேற ஒருத்தரு எல்லா டெஸ்டும் எடுத்துட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, மனசுலதான் எதையோ வெச்சிக்கினு இருக்கீங்க"ன்னு மாத்திரை எழுதினாரு. அந்த மாத்திரையைப் போட்டா நாளெல்லாம் தூக்கம். தூங்கும்போது எல்லாருக்கும் கண்ணு மூடித்தானே இருக்கும்? எனக்கு என்ன புண்ணியம்?

ஆனா நோவு ஒண்ணு, ஊரு பேசுனது ஒண்ணு. மளிகைக் கடையில சாமான் வாங்கும்போது கண்ணு படபடன்னு அடிச்சுக்கிச்சு. கடைக்காரரு பொண்டாட்டி என் வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு, "என் புருஷனைப் பாத்து எதுக்குக் கண்ணடிக்கிற?"ன்னு சத்தம் போட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்சாரு. நான் உள்ள சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன். அப்புறம் கடைத்தெருவுக்கே போறதில்ல.

இதுல ஒரு அதிசயம் இருந்துச்சு. பாடினா கண்ணு திறக்கும்.

சபையில பாட்டு ஆரம்பிச்சா என் இமை மெதுவா தளரும். பாட்டு முடியிற வரைக்கும் எல்லாரு மூஞ்சியும் தெரியும். பாட்டு நின்னா கொஞ்ச நேரத்துல மூடிக்கும். அதனால வீட்டுல சமைக்கும்போது, தண்ணி புடிக்கும்போது, நடக்கும்போது வாய்க்குள்ள பாடிக்கினே இருப்பேன். பக்தின்னு சில பேரு நெனச்சாங்க. எனக்கு அது ஊன்றுகோல்.

அந்த வருஷம் எங்க ஊர்ல எழுப்புதல் கூட்டம் நடந்துச்சு. வெளியூர்லேருந்து ஒரு ஊழியக்காரரு வந்திருந்தாரு. என்னை மேடைக்குக் கூப்பிட்டு தலையில கை வெச்சாரு. எல்லாரும் சத்தமா பாடுனாங்க. நானும் பாடுனேன். கண்ணு திறந்துச்சு! கூட்டமே அல்லேலூயா சொல்லிச்சு. எங்க வீட்டுக்காரரு அழுதுட்டாரு. பாட்டு நின்னுச்சு. நான் மேடையிலேருந்து எறங்கி வர்றதுக்குள்ள மறுபடியும் மூடிக்கிச்சு. கை நீட்டித் தடவிக்கினே என் எடத்துக்குப் போனேன்.

அதுக்கப்புறம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. விசுவாசம் பத்தலன்னாங்க. அசுத்த ஆவின்னாங்க. என் நாத்தனாரு, "பாட்டுன்னா திறக்குது, வேலைன்னா மூடிக்குது. நல்லா நடிக்கிறாங்க அண்ணி"ன்னு என் காதுபடவே சொன்னாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு வேளை நான்தான் நடிக்கிறேனா? தெரியாமலே நடிக்க முடியுமா?

மறுநாள் விடியக்காலம் வீட்டுக்காரரு வேலைக்குப் போனப்புறம் முழங்கால் போட்டேன். அது வரைக்கும் தினமும் ஒரே ஜெபம்தான் பண்ணுவேன்: என்னைச் சுகமாக்கும், என்னைச் சுகமாக்கும். அன்னைக்கு அது வாயில வரல. "ஆண்டவரே, சுகம் அப்புறம் இருக்கட்டும். எனக்கு என்னா வந்திருக்குதுன்னு தெரியல. இதுக்கு ஒரு பேராவது இருந்தா சொல்லும். நான் பைத்தியம் இல்ல, பொய்க்காரி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்"னு கேட்டேன். அதுக்கு மேல கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

கொஞ்ச நாள்ல ஷீலாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. வீட்டுக்காரருக்கு மார்க்கெட்ல லோடு நெறைய. ஊர்க்காரங்க சில பேரு விழுப்புரம் போனாங்க. அவங்க கூடப் போயி விக்கிரவாண்டியில எறங்கிக்கினேன். குழந்தையை வாங்க ஆசையா கையை நீட்டுனேன். சம்பந்தியம்மா தயங்கி நின்னாங்க.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. கையில வெச்சிருக்கும்போது கண்ணு மூடிக்கினா, பச்சக் கொழந்த..."

அவங்க மேல தப்பே இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விரலால இமையைத் தூக்கிப் புடிச்சுக்கினு, ஷீலா மடியில இருந்த பேத்தியைப் பாத்தேன். ஒரு கை இமையில. இன்னொரு கையால குழந்தை காலைத் தொட்டேன். அவ்வளவுதான்.

மனசு தாங்கல. மாப்பிள்ளை வந்து பஸ் ஏத்தி விடுவாருன்னு ஷீலா சொல்லச் சொல்லக் கேக்காம கெளம்பிட்டேன். திண்டிவனம் பஸ் புடிக்க ரோட்டைத் தாண்டணும். பாதி ரோட்டுல கண்ணு மூடிக்கிச்சு. ரெண்டு கையிலயும் பை. ஹாரன் சத்தம் நெருங்கி வருது. முன்ன போறதா பின்ன போறதா தெரியல. பயத்துல பாட்டு வரல, "ஏசப்பா"ன்னு கத்தத்தான் வந்துச்சு. பிரேக் போட்ட சத்தம் காதைக் கிழிச்சுது. டயர் கருகுற வாசனை மூக்குல ஏறுச்சு.

லாரி டிரைவர் எறங்கி வந்து கத்துனாரு. "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"கண்ணு திறக்க மாட்டேங்குதுண்ணா"ன்னு சொன்னேன். என் மூஞ்சைப் பாத்திருப்பாரு போல. சத்தம் அடங்கிடுச்சு. என் பையை வாங்கிக்கினு, கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்ட வெச்சாரு. "தனியா வராதீங்கம்மா"ன்னு சொல்லி பஸ் வர்ற வரைக்கும் நின்னு ஏத்தி விட்டுட்டுப் போனாரு. அவரு மூஞ்சைக்கூட நான் பாக்கல.

பஸ்ல ஒரு சீட்டைத் தடவிப் புடிச்சு உக்காந்தேன். என்னை அறியாமலே வாய்க்குள்ள பாட ஆரம்பிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணு கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "அக்கா, பாடும்போது உங்க கண்ணு திறக்குது, நிறுத்துனா மூடுது. எப்பவுமே இப்படித்தானா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டுக்காரருக்கு அடுத்து, குத்தம் சொல்லாம இதைக் கேட்ட முதல் ஆளு அந்தப் பொண்ணுதான். எல்லாத்தையும் கொட்டித் தீத்தேன்.

அது பேரு கலைவாணி. விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில கண் பிரிவுல நர்ஸா இருக்குது. "எங்க கிட்ட ஒரு ஐயா வர்றாருக்கா. அவரு பாக்கு மென்னாத்தான் கண்ணு திறக்கும். இமை வைத்தியத்துக்குன்னே ஒரு டாக்டரம்மா மாசம் ஒரு தடவை வர்றாங்க. நீங்க பயப்படாம வாங்க, நான் இருக்கேன்"னு சொல்லி என் கையைப் புடிச்சுக்கிச்சு. நான் பஸ்லயே அழுதுட்டேன்.

அடுத்த தடவை அந்த டாக்டரம்மா வந்தப்போ வீட்டுக்காரரு என்னைக் கூட்டிக்கினு போனாரு. அங்க உக்காந்திருந்தவங்களைப் பாத்துத்தான், இமையில இத்தனை கஷ்டம் இருக்குதான்னு தெரிஞ்சுக்கினேன். ஒருத்தருக்கு இமை தொங்கிப்போயி பாதிக் கண்ணை மறைக்குது. ஒரு பாட்டிக்கு இமை உள்பக்கம் மடங்கி, முடியெல்லாம் கருவிழியில உரசுது. என் பக்கத்துல இருந்த பெரியவருக்கு மூஞ்சி ஒரு பக்கம் இழுத்துக்கினு போயி, கண்ணு மூடவே மாட்டேங்குது. தூங்கும்போதும் திறந்தே கெடக்குமாம். காஞ்சு புண்ணாகிடுமாம். இமை ஓரத்துல தையல் போட்டுக் கண்ணுத் திறப்பைச் சின்னதாக்கப் போறாங்கன்னு சொன்னாரு.

"உனக்குத் திறக்க மாட்டேங்குது, எனக்கு மூட மாட்டேங்குது. ரெண்டு பேரும் பாதி பாதி மாத்திக்கினா சரியாப் பூடும்"னு அவரு சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அதை நான் அப்புறமும் ரொம்ப நாள் யோசிச்சேன். இமை திறக்குறதும் கிருபை, மூடுறதும் கிருபை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை மூடித் திறக்குதோ. ஒரு தடவையாவது அதுக்கு நன்றி சொல்லியிருக்கோமா?

டாக்டரம்மா பொறுமையா கேட்டாங்க. பாட்டு விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுட்டேன். கலைவாணிதான், "அதைச் சொல்லுங்கக்கா, அதுதான் முக்கியம்"னுச்சு. சொன்னேன். பாடச் சொன்னாங்க. பாடுனேன். நிறுத்தச் சொன்னாங்க. மூடிக்கிச்சு.

"இதுக்குப் பேரு பிளெஃபரோஸ்பாசம்"னாங்க. "கண்ணுல கோளாறு இல்லம்மா. மூளையிலேருந்து இமைத் தசைக்குத் தப்பான உத்தரவு போகுது. பாடும்போது, மெல்லும்போது அது கொஞ்சம் அடங்கும். நிறைய பேருக்கு அப்படித்தான். நீங்க நடிக்கல. உங்க மனசுலயும் தப்பு இல்ல."

அந்தப் பேரு என் வாயில நொழையல. ஆனா நான் கேட்டது அதைத்தானே? ஒரு பேரு! எந்த விஷயத்தைச் சொல்லி நான் நடிக்கிறேன்னு சொன்னாங்களோ, அதை வெச்சே நோவு இன்னதுன்னு தெரிய வந்துச்சு. சுகமாகுறதுக்கு முன்னாடியே எனக்குப் பாதி பாரம் எறங்கிடுச்சு.

இமையைச் சுத்தி சின்னச் சின்னதா ஊசி போட்டு, இறுகுற தசையைத் தளர வைக்கணும்னு சொன்னாங்க. அதுல கேக்கலன்னா, அந்தத் தசையைக் கொஞ்சம் எடுத்துடுற ஆபரேஷனும் இருக்குதாம். அது கடைசி வழின்னாங்க. படுக்க வெச்சு, "கண்ணை மூடுங்கம்மா"ன்னாங்க. சிரிப்பு வந்துடுச்சு. மூடுறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?

ஊசி எறும்பு கடிச்ச மாதிரி எரிஞ்சுது. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. மறுநாளும் இல்ல. சில நாள் ஆகும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. இருந்தும் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வாசல்ல உக்காந்து மல்லாட்டை உரிச்சுக்கினு இருந்தேன். மொறம் பாதி நிறைஞ்சுடுச்சு. என்னமோ ஒண்ணு குறையிற மாதிரி இருந்துச்சு. என்னன்னு யோசிச்சேன். வீடு அமைதியா இருக்குது. நான் பாடல. எவ்வளவு நேரமா பாடாம இருக்கேன்னு எனக்கே தெரியல. ஆனா கண்ணு திறந்திருக்குது. வேர்க்கடலைப் பருப்பு ஒவ்வொண்ணும் தெரியுது.

அசையப் பயந்துக்கினு அப்படியே உக்காந்திருந்தேன். அந்த நேரம் பாத்து வீட்டுக்காரரு சைக்கிள்ல வந்து எறங்குனாரு. அவரு மூஞ்சையே பாத்துக்கினு இருந்தேன்.

"இன்னா, அப்படிப் பாக்குற?"ன்னாரு.

"தாடியெல்லாம் எப்போங்க இவ்வளவு நரைச்சுது?"ன்னு கேட்டேன்.

அவரு சைக்கிளை அப்படியே கீழ போட்டுட்டு என் பக்கத்துல மண்ணுலயே உக்காந்துட்டாரு.

இதோட முடிஞ்சிருந்தா கேக்க இன்னும் நல்லா இருக்கும். ஆனா உள்ளதைத்தான் சொல்லணும். மூணு நாலு மாசத்துல மருந்து வேகம் கொறையும்னு டாக்டரம்மா முதல்லயே சொன்னாங்க. சந்தோஷத்துல என் காதுல ஏறல. இமை மறுபடியும் துடிக்க ஆரம்பிச்சப்போ உடைஞ்சு போனேன். "குடுத்ததைத் திரும்ப எடுத்துக்கினீரா?"ன்னு ஆண்டவரைக் கேட்டேன். ரெண்டாவது தடவை ஊசி போட்டப்போ ஒரு இமை சில வாரம் தொங்கிப்போச்சு. அப்புறம் அது தானா சரியாச்சு. அதுக்கடுத்த தடவை மருந்தைக் கொறைச்சுப் போட்டாங்க.

ஒரு நாள் அடுப்புல சோறு கொதிக்கிறதைப் பாத்துக்கினு இருக்கும்போது இது தோணுச்சு. பசியைக்கூட ஒரு வேளை சோத்தோட தீத்து வைக்கலையே ஆண்டவரு. மறுபடியும் பசிக்குது, மறுபடியும் குடுக்கிறாரு. அதுக்காக நேத்து தின்னது பொய்யா? என் சுகமும் அப்படித்தான். ஒரே அடியா வாங்கிக்கினு போயிருந்தா, ஒரு வேளை அவரையே மறந்திருப்பேன். இப்போ ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக்கிறேன்.

இப்போ மெஷின் ஓடுது. பேத்தியைச் சம்பந்தியம்மாவே என் கையில குடுத்து, "புடிங்க அண்ணி, எனக்கு வேலை கெடக்குது"ங்கிறாங்க. நாத்தனாரு ஒரு நாள் ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு ரொம்ப நேரம் என் பக்கத்துல உக்காந்திருந்துட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் பழசு எதையும் பேசல. பேச வேண்டிய அவசியமும் இல்ல.

உங்க வீட்டுல யாருக்காவது பேரு தெரியாத ஒரு நோவு இருக்கலாம். நடிப்புன்னு, ஆவின்னு, விசுவாசக் கொறைச்சல்னு சொல்லிடாதீங்க. அவங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க. முழங்கால் போடுங்க, எழுந்திருச்சு டாக்டர்கிட்டயும் கூட்டிக்கினு போங்க. ரெண்டும் ஒரே ஜெபம்தான். எனக்கு பதில் தேவதூதன் ரூபத்துல வரல. பிரேக் போட்ட லாரிக்காரரா வந்துச்சு, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்து வந்துச்சு, ஊசி முனையில வந்துச்சு. உங்களுக்கும் வரும். நம்புங்க.

இப்போ பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணுவாரு. நீங்க எல்லாரும் கண்ணை மூடிக்குவீங்க. என்னை மட்டும் மன்னிச்சிடுங்க. நான் மூட மாட்டேன். உங்க மூஞ்சையெல்லாம் பாத்துக்கினே ஆமென் சொல்றேன்.