அபிராமத்துப் புழுதி நெல்லும் ஒரு பொல்லாத தூறலும்

தஞ்சாவூர்க்காரனான எனக்கு விதைப்பு என்றாலே சேறுதான். ராமநாதபுரம் பக்கத்தில் காய்ந்த புழுதியிலேயே நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரே பரபரப்பு. புரட்டாசிக் கடைசியில் ராமேஸ்வரம் போக வாய்த்தது. வழியில் அபிராமத்தில் இறங்கிவிட்டேன்.

மதுரையில் காலை ஆறு மணிப் பேருந்து. பார்த்திபனூர் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். எட்டரைக்குக் கடைவீதியில் இட்லி. பிறகு ஜாபர் பாயின் ஆட்டோ, காத்திருப்பும் சேர்த்து நானூறு ரூபாய்.

"நெல்லு வெதைச்ச காட்டப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார் பாய்.

வழியெல்லாம் உழுது போட்ட கரிசல். டிராக்டர் போன இடத்தில் தூசி எழும்பி நின்றது. பச்சை என்று பார்த்தால் சீமைக்கருவேலம் மட்டும்தான். அந்தப் புழுதிக்கு அடியில் ஊர் மொத்தத்தின் நெல்லும் கிடக்கிறது என்றார் பாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன துணிச்சல்!

பாய்க்குத் தெரிந்த முத்துலட்சுமி அக்காவின் வயலில் இறங்கினோம். இரண்டு ஏக்கர். கால் வைத்த உடனே தூறல் விழுந்தது. "மழை! மழை!" என்று கையை விரித்துக் கத்தினேன். வரப்பில் நடந்து வந்த அக்காவின் முகம் சரியில்லை.

"கத்தாதீங்க தம்பி. பேஞ்சா ஓங்கிப் பேயணும், இல்லாட்டி சும்மா கெடக்கணும். இந்தத் தூத்தல் வெதைய எழுப்பி விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும். அப்புறம் தண்ணியில்லாம மொளை கருகிப் போகும்."

பத்து நிமிடத்தில் தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா குத்தவைத்து விரலால் மண்ணைக் கிளறினார். மேலே மட்டும் ஈரம், இரண்டு விரல் ஆழத்தில் மாவு போலப் புழுதி. ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். கடக்கென்றது.

"காய்ஞ்சுதான் கெடக்கு. தூங்கட்டும்" என்று சிரித்தார். காய்ந்த மண்ணைப் பார்த்து நானும் குதூகலித்தேன்!

பள்ளமான மூலைக்குப் போனதும் சிரிப்பு நின்றது. முந்தாநாளும் தூறியதாம், அந்தத் தண்ணீரும் அங்கே தேங்கியிருக்கிறது. கிளறி எடுத்த நெல் ஊதி, நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"இது எந்திரிச்சிருச்சு. ரெண்டு மூணு நாள்ல மழை வரலேன்னா இந்தப் பள்ளம் பூராம் போச்சு" என்றவர், அந்த ஒற்றை நெல்லைத் திரும்ப மண்ணில் வைத்து மூடினார். மழை வந்தால் சொல்லுங்கள் என்று என் எண்ணைக் கொடுத்துவிட்டு ராமநாதபுரம் பேருந்தில் ஏறினேன். அங்கே வண்டி மாறி ராமேஸ்வரம், மொத்தம் நூறு கிலோமீட்டர்.

போக நினைப்பவர்களுக்கு: விதைப்பையே பார்க்கவேண்டுமென்றால் புரட்டாசி முதல் பாதியில் போங்கள். வரப்பிலேயே நடங்கள், விதைத்த இடத்தில் மிதிக்காதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், ஊரைத் தாண்டினால் கடை கிடையாது. பயிர் வளர்ந்த பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதற்கு முன்னால் இருக்கும் இந்தத் திக்திக்கைப் பார்க்கத்தான் போகவேண்டும்.

நான் ராமேஸ்வரத்தில் கோபுரத்தைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடிச் சாலையில் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. டீக்கடையில் ஒதுங்கிய சுற்றுலாக்காரர்கள் மழையைத் திட்டித் தீர்த்தார்கள். அபிராமத்திலும் பெய்கிறதா? சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார்.

"தம்பி, வெளுத்து வாங்குது! பள்ளம் மேடு எல்லாம் நனைஞ்சிருச்சு. மறுவெதைப்புக்குன்னு ஒரு மூட்டை நெல்லு ஒதுக்கி வச்சிருந்தேன். வெயில் வந்ததும் அவிச்சுக் காயப் போட்டுருவேன். இனி அது சோறுதான்!"