வழியில் பெருத்தவர்கள்

காய்கறி மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றியதும், காலியான பழைய கொட்டகையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெங்காயம் குவித்த இடத்தில் ரிங் வந்தது. குத்து வாங்கி மல்லாந்தால் அழுகிய முட்டைக்கோஸ் வாடை மூக்கில் ஏறும். எங்களில் பலர் சட்டென்று எழுந்து நின்றது வீரத்தால் அல்ல, அந்த வாடை தாங்காமல்தான். மதுரையில் எங்கள் குத்துச்சண்டை வளர்ந்த வரலாறு அதுதான். விழா மேடையில் பேசியவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

சங்கத் தலைவர் அதே கொட்டகையில் கமிஷன் கடை வைத்திருந்தவர். குத்துச்சண்டையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையுறையோடு போட்டோ எடுத்துக்கொள்வது. அதையும் இடது வலது மாற்றி மாட்டியிருப்பார். புது மார்க்கெட்டுக்குப் புதுத் தராசு வாங்கிவிட்டதால், மூட்டை எடை போட்ட பழைய இரும்புத் தராசைச் சங்கத்துக்குத் தானம் செய்தார். அதற்கு மாலை போட்டுவிட்டு, விளையாட்டில் நேர்மை பற்றி அரை மணி நேரம் பேசினார். நாங்களும் கைதட்டித் தொலைத்தோம்.

எழுமலையில் அப்பா சின்ன வெங்காயம் போடுவார். வருடக்கணக்காக அந்தத் தராசில்தான் விற்றார். ஊர் ரைஸ்மில்லில் எடை போட்டுக் கட்டிய மூட்டை, மதுரைக்கு வந்தால் குறைந்திருக்கும். “வெயில்ல வாரதுல ஈரம் காஞ்சிரும்ணே, வழியிலயே எளச்சிரும்” என்பார், அப்போது கடைக்காரராக மட்டும் இருந்த எங்கள் தலைவர். அப்பா அதை நம்பி, மூட்டைக்கு மேல் ஈரச்சாக்கு போர்த்திக் கொண்டுவருவார்.

எனக்குப் போலீஸ் வேலை வேண்டும். மாநிலப் போட்டியில் ஒரு மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் முயலலாம். வயது வரம்பு நெருங்கியதால் அந்த ஒரு வருடம்தான் வாய்ப்பு. நாற்பத்தெட்டு கிலோப் பிரிவு. இரவுச் சோற்றை விட்டேன். பரோட்டாக் கடை இருந்த தெருவையே விட்டேன். கொட்டகைத் தராசின் முள் நாற்பத்தெட்டைத் தொடாமல் நின்றபோது, என் உடம்பின் மேல் எனக்கே மரியாதை வந்தது.

போட்டி திருச்சியில். காலையில் எடை பார்த்தார்கள். எனக்கு இரண்டு கிலோ அதிகம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறியவனுக்கும் அதிகம். எங்கள் அணி மொத்தமும் அதிகம். “மதுரையில அப்படி என்னய்யா திங்கிறீங்க?” என்று கேட்ட அதிகாரி இன்னொரு தடவை ஏறச் சொன்னார். சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினோம். மைதானத்தைச் சுற்றி ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பி, நாக்கு வறண்டு ஏறினோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு குத்துகூட விடாமல் தோற்றுப்போய், கொட்டாம்பட்டி வழியாகத் திரும்பினோம். பஸ்ஸில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தவனை யாரும் தடுக்கவில்லை.

தலைவரிடம் போய்த் தராசைக் காட்டிக் கேட்டோம். அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. தராசுக்குள் என்ன செய்துவைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும், அவ்வளவு பழக்கம். “பஸ்ஸுல உக்காந்தே போயிருக்கீக. வழியில ஒடம்பு ஊதியிருக்கும் மாப்ள” என்றார். அடுத்தவன் தலையில் மிளகாய் அரைப்பதில் அவருக்கு ஆள் பேதம் கிடையாது. நான் விடவேண்டிய ஒரே குத்து அன்றைக்கு ரிங்குக்கு வெளியே இருந்தது. இன்றும் கை தினவெடுக்கிறது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஈரச்சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர் அதைத் தூக்கி மூலையில் போட்டார்.

“நம்ம வெங்காயம் மதுரைக்குப் போற வழியில எளச்சிச்சு. நீங்க மதுரைய விட்டுப் போற வழியில பெருத்துட்டீகளாக்கும்.”

“இப்பத்தான் புதுத் தராசு வச்சிருக்காரேப்பா.”

“அதுலயும் அம்புட்டுத்தேன் எளைக்குது.”

வயது தாண்டியது. மெடலும் இல்லை, வேலையும் இல்லை. அடுத்த வெங்காயத்தைப் புது மார்க்கெட்டுக்கு நான்தான் கொண்டுபோனேன். தலைவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.

“வெயில்லயா வந்த மாப்ள?” என்றார், முள் நிற்பதற்கு முன்பே.