கேடயப் போட்டியில் சத்தம் கொடுத்தவர்

பாளையங்கோட்டை எலியேசர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நகல் எழுதும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். ஒல்லியான உடம்பு. ஆனால் வாத்தியப் பெட்டி பழுதாகிக் கிடந்த நாட்களிலும் அவருடைய குரல் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேரும். அந்தக் குரலே பிறகு அவருக்கு வினையாக வந்தது.

1909-இல் கால்பந்துக் கேடயப் போட்டி தொடங்கியது. மற்ற கிளப்புகள் முதல் சுற்றுகளில் உதிர்ந்துபோக, ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பாளையங்கோட்டையின் கோட்டை அணியும் அந்தப் பக்கத்துத் திருநெல்வேலியின் டவுன் அணியும் இறுதி ஆட்டத்தில் மோதின. எல்லோரும் வெறுங்கால்தான். ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, எலியேசர் எழுந்து பாட்டு எடுத்துக் கொடுக்கிற அதே ராகத்தில் "கோட்டைக்கு" என்று இழுத்தார். பக்கத்தில் இருந்த கோயில்காரர்கள் பழக்கதோஷத்தில் "ஜெயம்" என்றார்கள். மூன்றாவது தடவை மைதானத்தின் பாதி பதில் சொன்னது. கோட்டை அணி ஜெயித்தது.

"ஒம்ம சத்தம் முதுகுல கைய வச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு வே" என்றார் கோல்கீப்பர் குற்றாலலிங்கம். அவருக்கு மார்க்கெட் பக்கம் வெற்றிலைக் கடை.

எலியேசரின் மனைவி கெசியா சுவரோரம் மற்றப் பெண்களோடு நின்று ஆட்டம் பார்த்தவள். வீட்டுக்கு வந்ததும் அவள் வேறொன்று சொன்னாள்.

"கருப்புக் கோட்டு போட்ட ஒரு ஆளு, பந்தப் பாக்கவே இல்ல. ஒங்களயே பாத்துக்கிட்டு நின்னான்."

"வெளியூர்க்காரனா இருக்கும்."

"வெளியூர்க்காரன்னா பந்தைத்தான பாப்பான்."

எலியேசர் சிரித்து மழுப்பினார். அதற்கு முந்தின வருஷம்தான் திருநெல்வேலியில் கலவரம் நடந்து, கட்டடங்கள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவது ஆள் யார் என்று பார்க்கிற காலம். அது அவருக்கும் தெரியும்.

மறு வருஷம் கூட்டம் இரண்டு மடங்கானது. கோட்டைக்காரர்கள் தலைப்பாகையில் வேப்பங்குழை செருகி வந்தார்கள். டவுன்காரர்கள் உறுமி மேளத்தோடு பாலத்தைக் கடந்தார்கள். அந்த முறை கோட்டை அணி ஒரு கோலில் தோற்றது. திரும்பும்போது பாலத்தில் கைகலப்பு. போலீஸ் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போய் மறுநாள் விட்டுவிட்டது. மூவரும் வெவ்வேறு தெருக்காரர்கள். மூவரிடமும் யார் அடித்தது என்று கேட்கவே இல்லையாம். ஒரே கேள்விதான். கூட்டத்துக்குச் சத்தம் கொடுக்கிறவன் யார்?

1911 ஜூனில் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் சுடப்பட்டார். ஊர் அடங்கிப்போனது. சந்தையில்கூட விலையைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். போட்டியை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தபோது, தாராளமாக நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தத் தாராளம்தான் எலியேசருக்குச் சந்தேகமாகப் பட்டது.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஆபீஸ் தலைவரான சிரஸ்தார் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் சிரஸ்தார் இல்லை. கெசியா சொன்ன அந்தக் கருப்புக் கோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ரகசியப் போலீஸ் என்று பார்த்ததுமே புரிந்தது.

"உக்காரும் வே. நல்லாப் பாடுவீராமே."

எலியேசர் நின்றுகொண்டே இருந்தார்.

"நீரு சத்தம் கொடுத்தா ஆயிரம் பேரு பதில் சொல்லுதான். அதுல எவனெவன் சர்க்காருக்கு ஆகாத வார்த்தை சொல்லுதான்னு ஒமக்குத் தெரியும். இந்தத் தடவ நான் ஒம்ம பக்கத்துல இருப்பேன். பேர மட்டும் பைய என் காதுல சொன்னாப் போதும்."

"நான் பந்தாட்டம் பாக்கத்தான் போறேன் ஐயா."

"பாரும். யாரு வேண்டாம்னா?"

வீட்டில் கெசியா போகவே வேண்டாம் என்றாள். போகாவிட்டால் பயந்து ஒளிந்ததாக எழுதிக்கொள்வார்கள் என்றார் அவர்.

ஆட்டத்தன்று எலியேசர் தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். கருப்புக் கோட்டுக்காரர் அருகில் வந்து அமர்ந்தார். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள், பிறகு பார்வையை விலக்கிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது. எலியேசர் கைகளைக் கட்டிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அவர் எழாததால் வேறு யாரும் முதல் ஆளாகத் துணியவில்லை. இந்தப் பக்கம் ஏதோ சரியில்லை என்று கண்டு எதிர்ப்புறம் உறுமியும் ஓய்ந்தது. காலில் பந்து படும் சத்தமும் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவதும் மட்டும் கேட்டன. இரண்டாயிரம் பேர் இருந்த மைதானத்தில் ஒரு இருமல் தனியாகக் கேட்டது. குற்றாலலிங்கம் இரண்டு முறை திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை அவர் திரும்பிய நேரத்தில் பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. டவுன் அணிக்குக் கோல். யாரும் கத்தவில்லை. அடித்தவனே, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு திரும்பி ஓடினான்.

அதே கணக்கில் ஆட்டம் முடிந்தது. கோட்டுக்காரர் எழுதுவதற்கு ஒரு பெயரும் இல்லை.

மறுநாள் அதே அறை, அதே கோட்டுக்காரர்.

"யார் யாருக்குச் சொல்லி வச்சீரு?"

"யாருக்கும் சொல்லல ஐயா."

"சொல்லாமலா ரெண்டாயிரம் பேரு வாயப் பொத்திக்கிட்டு இருந்தான்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "கத்த வைக்கிறவனக் கட்டிப் போட்டிரலாம் வே. இப்படி அடக்கி வைக்கிறவன என்ன செய்ய?"

எலியேசர் சொன்னது உண்மை. அதை நம்ப ஆளில்லை. ஒரு வாரத்தில் வேலை போனது. போட்டியையும் நிறுத்தி, கேடயத்தை ஏதோ ஓர் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தோற்ற வருத்தத்தில் இருந்த குற்றாலலிங்கத்தையும் விசாரணைக்குக் கூட்டிப் போய் நான்கு நாள் வைத்திருந்தார்கள். வந்த பிறகு அவர் கடைக்கு எலியேசர் போனார். "என்னத்தக் கேட்டாங்க?" என்றார். குற்றாலலிங்கம் வெற்றிலையில் தண்ணீர் தெளித்தபடி, "இங்கன நிக்காதேயும் வே" என்றார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சில்லை.

எலியேசர் ஏரலுக்குக் குடிபோய், ஒரு கருப்பட்டி மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் சேர்ந்தார். அங்குள்ள கோயிலில் பாடச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றார்.

1915-இல் போட்டியை மறுபடி தொடங்கினார்கள். கெசியா தடுத்தும் கேளாமல் இறுதி ஆட்டத்துக்குப் போனார். புதிய ஆட்டக்காரர்கள், புதிய மேளம். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் பாதியில் கோட்டை அணி கோல் போட்டது. சுற்றிலும் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். அவரும் எழுந்துவிட்டார். வாயைத் திறந்தவர், முதலில் இந்தப் பக்கம் யார் நிற்கிறார், அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பந்து நடுக்கோட்டுக்குப் போயிருந்தது.