கடற்கரை ரோட்டு ஜெபம்

என் சித்திக்கு முழங்கால் போட்டு ஜெபிக்க நேரமில்லை. அம்மாவின் தங்கை அவள். எங்கள் வீட்டில் தங்கி, நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக இருந்தாள். தம்பி பிறந்து அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்ட அந்த வருஷம், அடுப்பு, அப்பாவின் டிபன் கேரியர், என் இரட்டைப் பின்னல் எல்லாம் அவள் தலையில்தான். திருத்தாத நோட்டுக் கட்டு ஒன்று எப்போதும் மேஜையில் கிடக்கும். ஆனால் அவள் ஜெபம் பண்ண வேண்டிய ஆட்களோ கூடிக்கொண்டே போனார்கள். அதனால் ஒவ்வொரு வேலையின்போதும் ஜெபிக்க ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்துகொண்டாள். அரிசி களையும்போது வேலை கிடைக்காத பக்கத்து வீட்டு அண்ணன். துணி அலசும்போது ஆஸ்பத்திரியில் கிடக்கும் யாராவது. தோசைக்கல் முன்னால், புருஷன் விட்டுவிட்டுப் போன கணக்கு டீச்சர். தோசை கருகி வந்தால், "இன்னைக்குக் கணக்கு டீச்சருக்குக் கஷ்டம் ஜாஸ்தி போல" என்று சொல்லிக்கொண்டே அப்பா சாப்பிடுவார்.

வீட்டு வேலையில் இடம் கிடைக்காதவர்களைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் வைத்திருந்தாள். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எட்டு வயது எனக்கு. நாள் முழுக்க சித்தியை யார் யாரோ பங்கு போட்டுக்கொண்டார்கள். காலையில் நடக்கிற அந்த அரைமணி நேரம்தான் என் கை அவள் கைக்குள் இருக்கும். அப்போதும் என்னோடு பேசமாட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். அவளுக்குக் கதை சொல்ல வரும் என்று அவள் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் உப்பளத்தில் வேலை பார்த்துக் கால் புண்ணாகிக் கிடந்தவரின் வீடு. அடுத்து, கண்ணில் புரை விழுந்த பழைய போஸ்ட் மாஸ்டர். பிறகு பேக்கரி அண்ணாச்சியின் மகள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அங்கே மட்டும் ரொட்டி வாசனைக்காக நானும் பொறுமையாக நடப்பேன். கடைசியில் கடற்கரை ரோடு. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பழைய கரையில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகள் பாய்மரத்தோடு நிற்கும். அந்த வழி சுற்று. மார்க்கெட் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனாலும் சித்தி தினமும் அங்கேதான் போவாள், போய் நின்றுவிடுவாள். பள்ளிக்கூட மணி அடித்தாலும் காதில் விழாது.

"இங்கன யாருக்கு சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடல்ல போறவங்களுக்கு."

அது முழுப் பதில் இல்லை. தினமும் ஒட்டிக்கொண்டு நின்றதால், முணுமுணுப்பில் வருவது ஒரே ஒரு பெயர்தான் என்று எனக்குத் தெரியும். லாசர்.

எங்கள் கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி, கேட்டுக்கொள்பவரின் பெயரையும் கீழே எழுதிப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், அதை வாசிப்பார். சபை மொத்தமும் ஜெபிக்கும். ஒரு சனிக்கிழமை எனக்கு யோசனை உதித்தது. வழியில் நிற்கிற நாலு பேரையும் சபையிடம் ஒப்படைத்துவிட்டால், சித்திக்கு வாய் சும்மா இருக்கும், என்னோடு பேசலாம். கோடு போட்ட நோட்டில் நாலு தாள் கிழித்து, நாலு பெயரை எழுதினேன். ஜெபம் அவளுடையது என்பதால், கேட்டுக்கொள்பவர் என்ற இடத்தில் மிகவும் நியாயமாக அவள் பெயரைப் போட்டேன்.

மறுநாள் ஐயர் கணீரென்று வாசித்தார். உப்பளத்தார், போஸ்ட் மாஸ்டர், பேக்கரிக்காரர் மகள். நாலாவதாக, "தோணியில் போகும் லாசருக்காக." பிறகு சித்தியின் முழுப் பெயர். பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாரும் சித்தியைப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

வீட்டில் அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, அந்தத் திரேஸ்புரத்து ஆர்.சி. பையனை இன்னுமா நெனச்சிட்டு இருக்க? நம்ம சபை இல்ல, வேண்டாம்னு பேசி முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு. அவன் கல்யாணம் முடிச்சுப் பிள்ளையும் இருக்கு!"

"நல்லா இருக்கணும்னுதானக்கா கேக்கேன். வேற என்ன கேட்டேன்?"

கல்யாணம் ஆனவர்களுக்காக ஜெபம் பண்ணக்கூடாது போலிருக்கிறது என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று புரிந்துகொண்டேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"சீட்டு எழுதிப் போட்டது நீதானா?"

சித்தி கதவுப் பக்கம் பார்த்தாள். என் பாவாடை தெரிந்திருக்க வேண்டும்.

"நாந்தான் அத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பொய் பேசக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஆனாலும் அடி தப்பியதே என்று நான் மூச்சு விட்டேன்.

அப்பா அலைந்து திரிந்து, நாசரேத்தில் ஒரு ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிக்கு அவளுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் போய்விட்டாள். பிறகு லீவுக்கு வருவாள், போவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தலையைப் பின்ன வந்த வேறு எந்தக் கையும் எனக்குப் பிடித்ததில்லை. இன்றும் அவளை நினைத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலைதான் முதலில் வந்து நிற்கிறது.

அன்று சித்தி மார்க்கெட் வழியாகக் கூட்டிப்போனாள். அவள் உதடு முணுமுணுக்கவில்லை. நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். சின்ன வயதில் அவளும் அம்மாவும் புளியங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். ஒரு கத்தரிக்காய் வண்டியைப் பார்த்து இரண்டு பேரும் எதற்கோ சிரித்தோம். மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டோம்.

"சித்தி, லாசருக்கு சபையே ஜெபம் பண்ணியாச்சுல்லா? இனி நீங்க பண்ண வேண்டாம்லா?"

அவள் என் பின்னல் ரிப்பனை இழுத்துச் சரிசெய்தாள். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

"வேண்டாம்ளா" என்றாள்.

சித்திக்கு ஒரு பெரிய வேலையைக் குறைத்துக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் நான் வகுப்புக்குள் ஓடினேன்.