சைரன் வீட்டு வாசம்

தெருவில் அவளுக்குச் சைரன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை. அங்கே ஓடும் இயந்திரங்களின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே அப்படி ஒரு தொண்டை வாய்த்துவிட்டது. தெருமுனையில் நின்று, "ஏங்க, அடுப்பை அணைச்சிடுங்க!" என்று அவள் கத்தினால் நாலு வீட்டில் அடுப்பு அணையும்.

புருஷன் வெல்டர். அந்தத் தெருவின் கேட்டுகளில் பாதி அவர் கைவண்ணம். ஒரே அளவு, ஒரே வளைவு, நடுவில் ஒரே பூ. "வேற டிசைன் போட்டா கை வலிக்குமா?" என்று கேட்டால், "நல்லா வந்ததை எதுக்கு மாத்தணும்?" என்பார். அந்தச் சோம்பலுக்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டிய நாள் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மனுஷனுக்கு முகத்தில் மூக்கு என்று ஒன்று இருந்ததே தவிர, காசுக்குப் பிரயோஜனமில்லை. காலமெல்லாம் புகைக்குள் நின்றவர். பால் கருகி வீடே நாறினாலும் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவரும் சளைக்காமல் கழுதை மாதிரியே கத்திக் காட்டுவார். பிள்ளை குட்டி கிடையாது. வம்புக்கு ஒருவருக்கு ஒருவர் போதும் என்று ஓடிக்கொண்டிருந்த குடித்தனம்.

அப்புறம் அவருக்குக் கண் போனது. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் முழு இருட்டு. தெருவே வெல்டிங் வெளிச்சத்தின்மேல் பழியைப் போட்டது. இது நரம்பு வியாதி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். எதுவாக இருந்தால் என்ன, போன கண் திரும்பியா வரப்போகிறது?

நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அவள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்து குரலால் அவரை ஓட்டினாள். "வலது! இன்னும் வலது! படி வருது, படி!" ஜன்னலுக்கு வெளியே போகிற பால்காரர்கூட ஒரு தடவை வலது பக்கம் ஒதுங்கினார். குரல் நின்றால் அவரும் நின்றுவிடுவார். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்.

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் மாதக் கடைசி வரைக்கும்தான் அவள் இடத்தை வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். அவள் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது. அவரையோ தனியாக விட முடியாது. அவருடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி என் வீட்டுல இருக்கட்டும்மா. நீ நிம்மதியா வேலைக்குப் போ. உக்காந்த இடத்துக்கே எல்லாம் வரும்." நல்ல மனுஷர், மனசாரச் சொன்ன பேச்சு. ஆனால் 'உக்காந்த இடத்துக்கே' என்ற வார்த்தைதான் அவளை உறுத்தியது. அங்கே போனால் இந்த மனுஷன் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க மாமா" என்றாள்.

நடுவில் ஒரு நாள், பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு அரைநாள் வேலைக்குப் போனாள். விரிப்புகளுக்கு நடுவே வைக்கும் சின்னத் துணிப்பைகளில் காய்ந்த லாவெண்டர் பூவை நிரப்பும் வேலை. தொண்டை கட்டியிருந்ததால் வீட்டுக்கு வாயே திறக்காமல் வந்தாள். படி ஏறுவதற்குள் உள்ளேயிருந்து குரல்.

"வந்துட்டியா?"

"நான்தான் பேசவே இல்லையே! எப்படித் தெரியும்?"

"என்னவோ பூ வாசனை வந்துச்சு. அதுக்கு அடியில நீயும் வந்தே."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். புகையை விட்டு விலகிய இத்தனை மாதத்தில், செத்துப்போனது என்று நினைத்த மூக்குக்கு உயிர் வந்திருக்கிறது! நம்பாமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூக்கருகே நீட்டினாள். சீயக்காய், துருப்பிடித்த ஆணி, தலையணை உறை, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு டம்ளரை நீட்டினால், "இதைப் பக்கத்து வீட்டம்மா தொட்டிருக்காங்க. வெங்காயக் கை" என்றார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வந்ததே உற்சாகம்! மறுநாளே லாவெண்டர் தொட்டிகள், எண்ணெய்ப் புட்டி, காய்ந்த பூப்பைகள் எல்லாம் வந்து இறங்கின. கதவுக்கெல்லாம் எண்ணெய் தடவினாள். கைப்பிடிக்கெல்லாம் பை கட்டினாள். மூலைக்கொரு தொட்டி வைத்தாள். சாயங்காலம் மனுஷன் முதன்முதலாகத் தானாக எழுந்தார். மூக்கை ராஜா மாதிரி உயர்த்திக்கொண்டு, கம்பீரமாக நடந்துபோய்க் குளியலறைக் கதவில் மடேரென்று முட்டிக்கொண்டார்.

"என்னங்க இது!"

"எல்லாப் பக்கமும் நீயே நிக்கிற. இதுல உன்னை எங்கேன்னு தேடுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது: ஓர் இடத்துக்கு ஒரு வாசனை. குளியலறைக் குழாயில் யூகலிப்டஸ் தழை. வெந்நீர் ஆவி பட்டால் அதுவே கூப்பிடும். சமையலறை வாசலில் எலுமிச்சைப்புல். காலில் உரசினால் போதும். கட்டில் தலைமாட்டில் காய்ந்த ரோஜா இதழ்ப் பை. கொல்லைப் பக்கம் மூன்று படி இறங்க வேண்டும், விழுந்தால் இடுப்பு போய்விடும்; அங்கே புதினாத் தொட்டி. "புதினா வந்தா நில்லுங்க, பிராணன் போனாலும் நில்லுங்க" என்பது சட்டம். தரை துடைக்கும் வாசனைத் திரவத்தைக் கொட்டிவிட்டாள்; அது ஒரு துடைப்பில் எல்லாவற்றையும் அழித்துவிடும். லாவெண்டர் இனிமேல் முன் கேட்டுக்கு மட்டும், ஒரே ஒரு தொட்டி, நல்ல வெயிலில்.

"வாசம் வர்ற இடம்தான் வாசல்!" என்றார் வெல்டர். தான் சொன்னதற்குத் தானே ரெண்டு நாள் சிரித்தார்.

மெல்ல மெல்ல அவள் குரலுக்கு வேலை குறைந்தது. வீட்டில் சத்தமில்லையே, உடம்புக்கு என்னவோ என்று தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் இலையைத் தொடாமல், காற்றில் முகத்தை லேசாகத் திருப்பி, அறை அறையாகப் போய்வருவதைப் பார்க்கையில் அவளுக்குப் பேச்சு எழவில்லை. அது அவள் விஷயத்தில் சாமானியமில்லை.

மூலையிலிருக்கும் ரொட்டிக் கடைக்குப் போவதும் சுலபமாயிற்று. ரொட்டி வாசனை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வருவதில்தான் வட்டியும் முதலும். கேட்டைத் தடவிப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்றால், தெரு பூராவும் அவர் அடித்த அதே பூ! லாவெண்டர்தான் கதி. அதனாலேயே அந்தச் செடிமேல் அவருக்குக் கொள்ளை ஆசை. போகும்போது ஒரு சொம்பு, வரும்போது ஒரு சொம்பு என்று தண்ணீர் ஊற்றினார். லாவெண்டருக்குத் தாகம்தான் பிடிக்கும்; ஈரம் ஆகாது. செல்லம் கொடுத்தே கொன்றுவிட்டார். ஒரு காலை அவள் பார்த்தபோது வேர் அழுகி, சாம்பல் குச்சிகள்தான் நின்றன.

புதுச் செடி வர நாளாகும் என்றார் நர்சரிக்காரர். மாதக் கடைசி வந்துவிட்டது; அண்ணனோ தம்பியை அழைத்துப்போக ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இப்போது போய்ச் சொன்னால் மனுஷன் தைரியம் விட்டுப்போகும். அவள் வாயை மூடிக்கொண்டு, விடியற்காலையில் பஞ்சை எடுத்துச் செத்த குச்சிகளுக்கு லாவெண்டர் எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். பிணத்துக்குச் சிங்காரம் என்று அவளுக்குத் தெரியாதா? வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரில் வந்து இறங்கினார். தம்பி காபி டம்ளரைத் தானே எடுத்து வந்து நீட்டியதைப் பார்த்து அசந்துதான் போனார். ஆனாலும் பயம் விடவில்லை.

"வீட்டுக்குள்ள சரிம்மா. நீ வேலைக்குப் போனப்புறம் ஏதாவது அவசரம்னு வெளியே போய்ட்டு வழி தெரியாம நின்னான்னா? கடைக்குத் தனியாப் போய்ட்டு வரட்டும். வந்துட்டா நான் காரைத் திருப்பிட்டுப் போயிடறேன். ஆனா ஒண்ணு, நீ குரல் கொடுக்கக் கூடாது."

"சத்தியமா கொடுக்க மாட்டேன் மாமா."

வெல்டர் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் கடையை நெருங்கியபோதுதான் அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. குச்சிகள் கழுவிவிட்ட மாதிரி நின்றன. குனிந்து முகர்ந்தாள். ஈர மண்தான் வந்தது. உள்ளே ஓடிப் புட்டியைக் கவிழ்த்தாள், சொட்டு இல்லை. மழைக்கு முன்னால் கடைசிச் சொட்டையும் தடவித் தீர்த்திருந்தாள்.

ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கேட்டாகக் கோல் தட்டியது. பக்கத்து வீட்டுக் கேட்டில் நின்றார். கை நீண்டு, அந்தப் பூவைத் தடவி, தாழ்ப்பாளில் போய் உட்கார்ந்தது. அவள் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு வார்த்தை, 'அடுத்தது' என்று ஒரே ஒரு வார்த்தை! அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெல்டர் தாழ்ப்பாளை விட்டார். முகத்தை லேசாகத் திருப்பினார். நாலு எட்டு வைத்து, தொட்டிப் பக்கம் குனியக்கூட இல்லாமல், தன் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

"ரொட்டி சூடா இருக்கு. யாராவது வாங்குங்களேன்."

"எப்படிடா?" என்றார் அண்ணன்.

அவள் துண்டை எடுத்துவிட்டு, "செடி செத்துப்போச்சுங்க. நான்தான் உங்ககிட்ட மறைச்சேன்" என்றாள்.

"தெரியுமே. வேர் அழுகின அன்னைக்கே நாத்தம் வந்துடுச்சு. நீ தினம் எண்ணெய் தடவிட்டு இருந்தே. பாவம், மனசு நோகுமேன்னு நானும் வாயைத் திறக்கல."

"அப்புறம் எதை வெச்சு வந்தீங்க?"

"வீட்டை வெச்சுத்தான். புதினா, ரோஜா, அந்தத் தழை, நீ இஸ்திரி போட்ட சூடு, நேத்து நீ கருக விட்ட பாலு... எல்லாம் சேந்து கேட்டுப் பக்கத்துல ஒரு வாசம் நிக்குது. தெருவுல வேற எந்த வீட்டுக்கும் அது இல்ல."

அவள் கேட்டுக்கு ஓடினாள். அவர் நின்ற இடத்திலேயே நின்று மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். "எனக்கு ஒண்ணுமே வரலையே! இந்த வீட்டுல கழுதை நான்தானா?"

"உனக்கு எப்படி வரும்? அதுல பாதி நீதானே."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, காரைத் திருப்பினார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க ஆவியும் சோப்பும் இரைச்சலுமாகக் கழிந்து, சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்து, கேட்டில் கை வைத்தாள். அப்போது வந்தது. புதினாவா ரோஜாவா என்று பிரிக்க முடியாத ஒரு வாசம், ஒரே ஒரு மூச்சு. அடுத்த மூச்சில் காணாமல் போய்விட்டது. இத்தனை வருஷம் இந்தக் கேட்டைத் திறந்திருக்கிறாள். ஒரு நாள்கூட இது தெரியாமல் போயிருக்கிறதே! தெருவையே எழுப்பும் சைரன் சத்தமில்லாமல் அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா?"