கோழிக்குப் போட்ட மருந்து

அல்சூர் ஏரியை அடுத்த தெருவில், பிரிஜெட் வீட்டுச் சமையலறையிலிருந்து எதுவும் குப்பைக்குப் போனதில்லை. மீன் குடல், கீரைக் காம்பு, தட்டில் மிஞ்சிய பருக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் ஒரு நசுங்கிய சட்டியில் சேரும். காலையில் அதைக் கேழ்வரகுத் தவிட்டோடு பிசைந்து, பின்கதவைத் திறந்து, "பா... பா... பா..." என்று குரல் கொடுத்தால் போதும். முருங்கை மரத்தடியிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். கணவர் ரெமிஜியஸ் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காது மந்தம். ஒரே மகன் அலெக்சாண்டர் ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. அவன் கப்பலேறிய பிறகு வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியது அந்தக் கோழிகளோடுதான்.

நாற்பத்திரண்டாம் வருடம் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. மகனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அரிசி அருமையாயிற்று. செம்புப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசிக் கலாய் போட வெயில் காலத்தில் வழக்கமாக வரும் பாய், வெறுங்கையோடு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "மலாயா போயிட்ச்சும்மா. ஈயம் எங்கேர்ந்து வரும்? இருக்கிற பாத்திரத்த அப்படியே ஓட்டுங்க."

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கறுத்து மெலிந்து, காலெல்லாம் புண். பெயர் மௌரீன் என்றாள். ரங்கூனில் அலெக்சாண்டருக்கும் தனக்கும் கோயிலில் கல்யாணம் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, குண்டு விழ ஆரம்பித்ததும் அவர் தன்னை முதலில் அனுப்பிவிட்டார், ஜனங்களோடு சேர்ந்து மணிப்பூர் மலை வழியாக நடந்தே வந்ததாகச் சொன்னாள். விரலில் ஒரு மெல்லிய மோதிரம். வேறு அத்தாட்சி கிடையாது. போட்டோ ஆற்றைக் கடக்கும்போது போய்விட்டதாம்.

"கடுதாசியில ஒரு வார்த்தைகூட எழுதலியே அவன்," என்றாள் பிரிஜெட்.

"நேர்ல கூட்டிக்கிட்டு வந்து சொல்லணும்னு இருந்தார், அத்தை."

ரெமிஜியஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள வாம்மா," என்றார். அவருக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. பிரிஜெட்டுக்குப் போதவில்லை. வந்தவளின் மூட்டையில் ஒரு மாற்றுப் புடவையும், லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டிலும் இருந்தன. பாட்டிலில் கால்வாசி வெள்ளைப் பொடி.

"இது என்னா?"

"காய்ச்சல் மருந்து, அத்தை. காட்டுல வந்த காய்ச்சல், விட்டு விட்டு வரும்."

பாட்டிலை அவள் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

பிரிஜெட் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றிக்கறி விந்தாலு வைப்பாள். வினிகரும் மிளகாயும் தூக்கலாகப் போட்டுப் தேக்சா என்கிற பெரிய செம்புப் பாத்திரத்தில் வைத்தால் மூன்று நாள், நாலு நாள் கெடாது. ஆறி ஊறி மூன்றாம் நாள் தின்றால்தான் ருசி என்பார் ரெமிஜியஸ். கறி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பதால், பிரிஜெட் தனக்குக் கஞ்சியும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு, இருப்பதை மற்ற இருவர் தட்டில் போட்டாள். மாமனார் தட்டை மௌரீன் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பாள். மாமனாருக்கு வெந்நீர் கொடுப்பதும் படுக்கை போடுவதும் அவள்தான்.

அவள் வந்த மாதமே ரெமிஜியஸுக்கு வயிறு பிரட்டத் தொடங்கியது. தின்ற சற்று நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். இரண்டு நாள் தெளிவார், மறுபடி விழுவார். டாக்டர் வயசு என்றார், அஜீரணம் என்றார்.

பிறகு கோழிகள் சாக ஆரம்பித்தன.

முதலில் செவலை. கழுத்தைத் தொங்கப்போட்டு, பச்சையாகக் கழிந்து, துணி துவைக்கும் கல்லடியில் கிடந்தது. கோழிச் சீக்கு என்று நினைத்தாள். அடுத்த வாரம் கொண்டைக்காரி செத்தது. அதன் அலகோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பிரிஜெட் விரலால் தொட்டுப் பார்த்தாள். சிவப்பாக மசாலா ஒட்டியிருந்தது. தவிட்டுக் கலவையில் அவள் அன்று சோறே போடவில்லை.

அந்தப் பருக்கை அவள் நெஞ்சில் முள்ளாய் நின்றது. பக்கத்து வீட்டு ஜூடித்திடம் வாய்விட்டாள்.

ஜூடித் குரலைத் தாழ்த்தினாள். "சும்மா சொல்லலக்கா. எவளோ ஒருத்தி, மருமகள்ங்கிறா. யாரு கண்டா? ஐயாவும் நீங்களும் போய்ட்டா இந்த வீடு யாருக்கு? அந்த பாட்டில்ல என்னா வெச்சிருக்கான்னு பாத்தீங்களா?"

அன்றிலிருந்து பிரிஜெட்டின் கண் மௌரீன் கையை விட்டு அகலவில்லை. அவள் தண்ணீர் மொள்ளும்போது, தட்டு எடுக்கும்போது, இவள் கதவோரம் நிற்பாள். மௌரீனும் அதைக் கண்டுகொண்டாள் போலிருந்தது. பேச்சைக் குறைத்தாள். பிரிஜெட் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். வீட்டில் மூன்று பேர் இருந்தும் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒரு காலை மௌரீன் பூசைக்குப் போயிருந்தாள். பிரிஜெட் அவள் பாட்டிலை எடுத்து, பொடி முழுவதையும் கேழ்வரகு மாவில் கொட்டி உருட்டினாள். பாட்டிலில் அதே அளவு மைதாவை நிரப்பி இருந்த இடத்தில் வைத்தாள். பின்பக்கம் போய், தன் மடியிலேயே வந்து உட்காரும் கருப்பியைக் கூப்பிட்டு, உருண்டையை உதிர்த்துப் போட்டாள். கோழி தலையைச் சிலுப்பிச் சிலுப்பித் தின்றது. பிரிஜெட் ஜெபமாலையைப் பிடித்தபடி அதன் எதிரிலேயே குந்தியிருந்தாள்.

கருப்பி சாகவில்லை. சாயங்காலம்வரை கிறங்கிக் கிடந்தது. மறுநாள் எழுந்து மண்ணைக் கிளறியது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் மௌரீன் தட்டோடு பின்பக்கம் போனபோது, பிரிஜெட் சத்தமில்லாமல் பின்னாலேயே போனாள். மருமகள் ஒரு வாய்கூட வைக்காமல் சோற்றையும் விந்தாலுவையும் வழித்துக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரிஜெட் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி போடற? என் கோழிக்கு என்னடி போடற?"

மௌரீன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நீங்க எனக்குப் போட்டதத்தான் போடறேன்," என்றாள். "வாயில வெச்சா செம்பு நக்கின மாதிரி இருக்கு அத்தை. ரெண்டு தடவை தின்னு வாந்தி எடுத்தேன். நீங்களோ தொடவே மாட்டேங்கிறீங்க. என்னைய புடிக்கலேன்னா போகச் சொல்லியிருக்கலாமே."

பிரிஜெட் அவள் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். தேக்சாவை இறக்கி, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். ஈயம் தேய்ந்த இடமெல்லாம் செம்பு தெரிந்தது. விளிம்பைச் சுற்றிப் பாசி படர்ந்த மாதிரி பச்சைக் களிம்பு. நாலு நாள் வினிகர் ஊறிய குழம்பை இதிலிருந்துதான் புருஷனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் வாரந்தோறும் மொண்டு போட்டிருக்கிறாள்.

மௌரீன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மௌரீன்தான் முதலில் அழுதாள்.

அன்றே தேக்சா பரணுக்குப் போய், மண்சட்டி அடுப்பேறியது. ரெமிஜியஸ் நாளடைவில் தேறினார். மருமகளும் மாமியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் பாட்டில் விஷயத்தைப் பிரிஜெட் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். அந்தப் பெண் இப்போதுதான் சிரிக்கிறாள், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் அப்படியே போயிற்று.

ஒரு மத்தியானம் மௌரீனுக்குக் குளிர் கண்டது. இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் கட்டில் ஆடியது. பல் தந்தியடிக்க, பாட்டிலை எடுத்துப் பொடியை நாக்கில் போட்டாள். பிரிஜெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் மௌரீன் மறுபடி பாட்டிலை எடுத்தாள். "கசக்கவே இல்லையே அத்தை, பழசாயிடுச்சு போல," என்றாள்.

பிரிஜெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது மருந்து இல்லம்மா. மைதா. மருந்த நான் கோழிக்குப் போட்டுட்டேன்."

மௌரீன் அவளைப் பார்த்தாள். காய்ச்சலில் கண் பளபளத்தது. "கோழி செத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிரிஜெட் இல்லையென்று தலையசைத்தாள். மௌரீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் காய்ச்சலுக்கான மருந்து கொயினாவுக்காகப் பிரிஜெட் அலையாத இடமில்லை. கொயினா விளையும் ஜாவாவும் ஜப்பான்காரனிடம் போய்விட்டது, சரக்கே வருவதில்லை, இருப்பது பட்டாளத்துக்குத்தான் என்று ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் கையை விரித்தார்கள். ஒரு வயசான கம்பவுண்டர் மனமிரங்கி, பாட்டில் அடியில் மிஞ்சியிருந்த கொயினாக் கலவையைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அது போதவில்லை. காய்ச்சல் தலைக்கு ஏறியது. மௌரீன் பர்மாக்காரர் பாஷையில் என்னென்னவோ பிதற்றினாள். நடுவில் அலெக்சாண்டர் பெயர் மட்டும் பிரிஜெட்டுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது மௌரீன் போய்விட்டாள். பாதர் வந்து சாவுக்கு முன்னான எண்ணெய் பூசியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிரிஜெட் கருப்பியையும் மிச்சமிருந்த கோழிகளையும் ஜூடித்திடம் கொடுத்தாள். ஜூடித் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்க நிற்காமல் பிரிஜெட் திரும்பி நடந்தாள். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை ஓய்ந்த வருடம், மழைக்கால முடிவில், ஒரு குதிரைவண்டி வாசலில் நின்றது. இறங்கியவனின் முன்தலையெல்லாம் நரைத்திருந்தது. ஜப்பான்காரன் சிறையில் ஒரு காது போயிருந்தது. ரெமிஜியஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக அலெக்சாண்டர் வீட்டுக்குள் தேடினான்.

"அம்மா, மௌரீன் வந்து சேந்தாளா?"

"வந்தா," என்றாள் பிரிஜெட்.

ரெமிஜியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பிரிஜெட் மகனை வாசற்படியிலேயே உட்கார வைத்து, ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் செருப்பைக் கழற்றவில்லை. முடிந்ததும் எழுந்து, கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்டான்.

பிரிஜெட் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தூறலில் நனைந்தபடி, குடைக்குள் வராமல், அவன் பின்னால் வந்தான்.