ஹெல்மெட்டைக் கழற்றும் வாசல்

ஆலையில் அவனுக்கு வைத்த பெயர் ஹெல்மெட். வைத்தவன், அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஃபிட்டர். "குளிக்கும்போதாவது கழட்டுவியா, இல்ல அதுக்கு மேலேயே சோப்பு போடுவியாடா?" என்று ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் கேட்டான். வரிசையே சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் எல்லோருக்கும் முன்னால் சிரித்து வைத்தான். தானே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கிளற மாட்டார்கள் என்று படித்திருந்தான். கல்லூரியில் கற்றதல்ல, கல்லூரியில் பட்டது.

கடைசி வருஷத்தில் ஆரம்பித்த உதிர்வு. தலையணையில் கிடந்தது, சீப்பில் வந்தது, பிறகு குளியலறைத் தண்ணீர் போகும் வழியையே அடைத்தது. "பரீட்சைக் கவலை, பாஸானா நின்னுடும்" என்றார்கள். பாஸானான். கவலை நின்றது. முடி மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குச் சேரும்போது நெற்றி ஏறக்குறைய உச்சந்தலையைத் தொட்டிருந்தது. பக்கவாட்டில் மிச்சமிருந்ததை நீளமாக வளர்த்து, குறுக்கே இழுத்து, எண்ணெய் வைத்துப் படியவைப்பான். காற்றடித்தால் அது மொத்தமாக எழுந்து நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடும்.

ஒரு டாக்டர் தலையை விளக்குக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எப்படி?" என்று கேட்டார்.

"அடர்த்தியா இருக்கும் சார்."

"தாய்மாமாவுக்கு?"

மாமாவின் வழுக்கை அவனுக்கு ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து தனக்கு ஒரு சட்டைகூட வாங்கித் தராத மாமா, இதை மட்டும் மறக்காமல் கொடுத்திருக்கிறார்.

"இருக்கறதக் காப்பாத்தலாம், போனது திரும்புறது கஷ்டம்" என்றார் டாக்டர். உண்மையைச் சொன்ன அந்த டாக்டரிடம் அவன் மறுபடி போகவில்லை. ஆறே மாதத்தில் காடாக வளரும் என்று சொன்ன தைலக்காரனிடம் போனான்.

அப்படிப்பட்டவனுக்கு சிமென்ட் ஆலை கிடைத்தது வரப்பிரசாதம். வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும், அது சட்டம். ஊரில் யார் கண்ணுக்கும் படாமல் மறைக்க அவன் பட்ட பாட்டை இங்கே கம்பெனியே தன் செலவில் ஏற்றுக்கொண்டது. வேலையிலும் குறை சொல்ல ஆள் கிடையாது. சூளையின் சத்தத்தைக் கேட்டே உள்ளே கல் எப்படி வேகிறது என்று சொல்லிவிடுவான் என்று மேனேஜரே பேசுவார். மத்தியானச் சாப்பாட்டை மட்டும், கேன்டீனில் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துச் சாப்பிடுவார்கள் என்பதால், சூளைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஆலையில் ஹெல்மெட் போடக்கூடாத இடம் ஒன்றே ஒன்று உண்டு, கண்ட்ரோல் ரூம். என்றைக்கோ ஒருவர் குனிந்தபோது ஹெல்மெட் நழுவி, நிறுத்துகிற பொத்தான்மேல் விழுந்து, எரிந்துகொண்டிருந்த சூளை திடீரென்று அணைந்து, உள்செங்கல் எல்லாம் வெடித்துப்போனதாம். அன்றிலிருந்து வாசலில் வரிசையாக ஆணிகள். பெரிய அதிகாரியே வந்தாலும் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். "கண்ட்ரோல் ரூம்ல ஒரு சீட் காலி. உன்னத்தான் போடலாம்னு இருக்கேன். ஏசி, நாற்காலி, ராஜா மாதிரி இருக்கலாம். என்னப்பா சொல்ற?"

தார் ரோடு போடுகிறவரின் மகன் அவன். காலடியில் கொதிக்கிற தார், தலைக்கு மேலே வெயில் என்று இரண்டுக்கும் நடுவில் வெந்த மனிதர் அப்பா. அவருடைய வம்சத்தில் முதல் பட்டம் மகனுடையது. அந்தப் பட்டத்திலிருந்து அவர் கேட்டது காரோ பங்களாவோ அல்ல. "வெயில் படாத வேலைடா. உன் முதுகு கறுக்கக் கூடாது. எனக்கு அது போதும்." கண்ட்ரோல் ரூம் வரும் போலிருக்கிறது என்று முந்தின வாரம்தான் போனில் சொல்லியிருந்தான். அப்பா தன்னோடு தார் ஊற்றுகிறவர்கள் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார்.

அவன் கண்முன்னே அந்த ஆணி வரிசை வந்தது. வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் தன் உச்சந்தலை, மணிக்கொரு தரம் சோதனை முடிவுகளைக் கொண்டுவரும் லேப் பெண், அவள் பார்வை ஒரு நொடி மேலே போய்த் திரும்புவது, எல்லாம் வந்தன.

"எனக்கு வெளிய வேலை பாக்கத்தான் சார் புடிக்கும்" என்றான். "ரூம்ல அடைச்சு வெச்சா மூச்சு முட்டும்."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தோளைத் தட்டினார். "எல்லாரும் ஏசிக்கு அடிச்சுக்கறாங்க. நீ வேற ஆளுப்பா!" அடுத்த நாளே கூட்டத்தில் அவனை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அந்த நாற்காலியில் அவனுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவன் போய் உட்கார்ந்தான். அப்பாவிடம், "தள்ளிப்போயிருக்குப்பா" என்றான்.

முடி வளர்ந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். தைலம் ஒன்று மாற்றி ஒன்று வந்தது. தலையணை உறை மஞ்சளானதுதான் மிச்சம். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் முடிவெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாலு முடிய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்குடா காவல் காப்ப? எடுத்துடவா?"

"எடு" என்று தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டைத் தலையோடு நின்றான். "ஹெல்மெட்டு, உள்ளயும் ஒரு ஹெல்மெட்டா!" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். குழம்பு வந்ததும் எல்லோரும் குழம்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் பயந்தது இவ்வளவுதான். குழம்பு வரும்வரைதான் தாங்கியது.

அன்று மத்தியானமே மேனேஜர் அறைக்குப் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். குவாரிக்கு இன்சார்ஜ் நீதான். பெரிய பதவி. வேற ஆளப் போடப் பாத்தாங்க, நான் விடல. திறந்தவெளியில வேலை பாக்க ஆசப்படற பையன் ஒருத்தன் எங்கிட்ட இருக்கான்னு சண்ட போட்டு வாங்கினேன்!"

"சார், கண்ட்ரோல் ரூம்ல ஏதாவது..."

"அங்க எங்கப்பா இடம்? எல்லாம் நெறஞ்சாச்சு. உனக்குத்தான் அது ஆகாதே."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கெடுத்தும் பயனில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

குவாரியில் ஒரு மரம் கிடையாது. வெள்ளைக் கல்லில் பட்ட வெயில் கீழிருந்தும் சுட்டது. மகனுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டுப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பார்க்க வந்த அப்பா, லாரிகள் திரும்புகிற இடத்தில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு சுற்றிலும் தேடினார்.

"உன் ரூம் எங்கப்பா?"

"இதான்ப்பா."

அப்பா மகனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"யாரையாவது பகச்சுக்கிட்டியா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் இங்க கொண்டாந்து போட்டாங்க? அந்த மேனேஜருக்கு உன்மேல என்ன காட்டம்? சொல்லு, நான் வந்து பேசறேன். கால்ல விழணும்னாலும் விழறேன், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அவர் நல்லவர்ப்பா. அவர் கூப்பிட்டுக் கொடுத்தார். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீயா? ஏன்?"

அவன் தன் தலையைத் தடவிக் காட்டினான். "இதாலதான்."

அப்பா பதறிப்போய்க் கிட்டே வந்தார். இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து, குனியவைத்து, காதுக்குப் பின்னாலெல்லாம் தேடினார்.

"அடி பட்டுச்சா? எங்க?"

"அடியெல்லாம் இல்ல. முடிப்பா. முடி கொட்டிப்போச்சுல்ல."

"கொட்டிப்போச்சு, அதான் தெரியுதே. வேலைய ஏன் வேணாம்னே? அதச் சொல்லு."

சொன்னான். ஆணி, வெள்ளை விளக்கு, உள்ளே எல்லோரும் பார்ப்பார்கள் என்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அந்தக் காரணம் அவன் வாயிலேயே சிறுத்துக்கொண்டு வந்தது. அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இனிமேல்தான் விஷயம் வரப்போகிறது என்பதுபோல.

அவன் முடித்துவிட்டான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கையிலிருந்த பையை ஒருமுறை இறக்கி வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

"சரிப்பா" என்றார், புழுதி கிளப்பிக்கொண்டு வந்த லாரிக்கு ஒதுங்கி நின்றபடி. "எங்கிட்ட சொல்ல முடியாத விஷயம்னா விடு. நான் கேக்கல."